‘கர்ப்பத்தடை’ என்னும் கட்டுரையும் நூற்றுக்கு 13 என்னும் கணக்கும்

பினாங்குச் சூலியா தெருவில் பழைய புஸ்தகங்கள் விற்கும் கடையொன்றில், சென்ற தைப்பூச விடுமுறையன்று, பெரியார் ஈ. வெ. ராமசாமி அவர்கள் எழுதிய ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்னும் நூலின் பழைய பிரதியொன்று எனக்கு அகப்பட்டது. பட்டர்வொர்த்திலிருந்து என்னோடு படகேறிய ஜனங்களிற் பெரும்பாலோர் தண்ணீர்மலைக்குப் போக, நான் நாகூர் தர்கா மூலையிலிருந்து மேற்கே நடந்து, வெள்ளைக்காரப் பிரயாணிகள் தங்கும் விடுதிகளையும் அவர்களுக்கு மோட்டார் சைக்கிள் வாடகைக்கு விடும் கடைகளையும் தாண்டி, அந்தப் புஸ்தகக் கடைக்குள் நுழைந்தேன். பிரதிக்கு மேலட்டை இல்லை. முதல் தாள்கள் சிலவற்றைப் பூச்சி அரித்திருந்தது. விலை 5 வெள்ளி.

படகில் திரும்புகையில் புரட்டினேன். ‘கர்ப்பத்தடை’ என்னும் அத்தியாயத்தில், பெண்களின் விடுதலைக்குக் கர்ப்பத்தடை அவசியம் என்று ஆசிரியர் வற்புறுத்தும் இடத்துக்கு நேரே, ஓரத்தில், யாரோ ஒருவர் பென்சிலால் ‘எப்படி?’ என்று எழுதியிருந்தார். எழுதியவர் ஆணோ பெண்ணோ, எந்த ஊரினரோ தெரியாது. கேலியாக எழுதினாரா, கவலையோடு எழுதினாரா என்பதும் தெரியாது. ஆயினும் அந்நூலைப் பற்றி நான் இதுவரை படித்த பாராட்டுரைகளிலும் கண்டனங்களிலும் அந்த ஒரு சொல்லைப்போல் நெஞ்சில் தைத்தது வேறில்லை. இக்கட்டுரை அச்சொல்லை முன்வைத்து அவ்வத்தியாயத்தைத் திரும்பப் படித்ததன் பயன்.

முதலில் அவ்வத்தியாயத்தின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். 1920களின் இறுதியிலும் 1930களிலும் கர்ப்பத்தடையைப் பற்றிப் பேசியவர்கள் நம்மவர்களில் அவர் ஒருவர் மாத்திரமல்லர். பம்பாயில் ரகுநாத் தோண்டோ கார்வே 1921லேயே இதற்கென ஒரு நிலையம் திறந்து, அதன் காரணமாகவே தமது கல்லூரி உத்தியோகத்தையும் இழந்தார். சென்னையில் 1928இல் பெரிய உத்தியோகஸ்தர்களும் வக்கீல்களும் சேர்ந்து மால்தூஸ் கொள்கையைத் தழுவிய சங்கமொன்றை அமைத்தார்கள். 1930இல் மைசூர் அரசாங்கம் ஆஸ்பத்திரியிலேயே இதற்கு ஏற்பாடு செய்தது. இவர்களெல்லாரும் சொன்ன காரணங்கள் மூன்று: தாயின் உடல்நலம் கெடுகிறது, நாட்டில் தரித்திரம் பெருகுகிறது, குடும்பச் சொத்துச் சிதறுகிறது. பெரியாரோ இம்மூன்றையும் எடுத்துச் சொல்லிவிட்டு, தமது காரணம் இவற்றுள் எதுவும் அன்று, பெண் விடுதலையும் சுயேச்சையும் பெறுதலே தாம் நாடுவது என்று பிரித்துக் காட்டினார். பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பதை அவளைத் தவிர வேறொருவர் தீர்மானிக்கும்வரை, படிப்பும் சொத்தும் உத்தியோகமும் அவளுக்குக் கிடைத்தும் கிடையாதவையே என்பது அவர் வாதம்.

காரணத்தைப் பிரித்துச் சொன்னதில் என்ன பெருமை, எக்காரணத்தால் வந்தால் என்ன, காரியம் ஒன்றுதானே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. பிற்காலச் சரித்திரத்தைப் பார்த்தபின் அவ்வெண்ணம் மாறிற்று. நமது நாட்டையே எடுத்துக்கொள்வோம். 1966இல் சட்டமியற்றி தேசியக் குடும்பத் திட்ட வாரியத்தை நிறுவிய மலேசிய அரசாங்கம், பிள்ளைகளைக் குறைத்துப் பெறுங்கள் என்று ஊருக்கு ஊர், தோட்டத்துக்குத் தோட்டம் ஆள் அனுப்பிச் சொல்லிற்று. 1984இல் அதே அரசாங்கம், நாட்டின் கைத்தொழிலுக்குப் பெரிய சந்தை வேண்டுமென்பதால் ஜனத்தொகை 7 கோடியாகவேண்டும் என்று கொள்கையை மாற்றிக்கொண்டது. தமிழ்நாட்டிலும் இதே கதை. ‘அளவான குடும்பம்’ என்று சுவர்தோறும் சிவப்பு முக்கோணம் தீட்டிய மாகாணத்தில், 2024 அக்டோபரில், முதலமைச்சராயிருந்த மு. க. ஸ்டாலின் அவர்கள் சென்னையில் நடந்த ஒரு திருமண விழாவில், ஜனத்தொகை குறைந்ததால் பாராளுமன்றத் தொகுதிகள் குறையக்கூடும் என்னும் கவலையை எடுத்துக்காட்டி, பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்னும் பழைய வாழ்த்தை உள்ளபடியே எடுத்துக்கொள்ள வேண்டியதாகுமோ என்னும் கருத்துப்படப் பேசினார். பாதி வேடிக்கையாகவே பேசினார் என்பது வாஸ்தவம். அவ்வாழ்த்திலுள்ள பதினாறு பிள்ளைகளல்ல, பேறுகள் என்பதையும் அவரே சொன்னார். இருந்தாலும், நாட்டின் கணக்குக்காகக் குறைக்கச் சொன்னவர்களுக்கு நாட்டின் கணக்குக்காகக் கூட்டச் சொல்லவும் வாய் வரும் என்பது தெளிவாயிற்று. பெரியார் சொன்ன காரணம் மாத்திரமே இக்காற்றில் அசையாமல் நிற்கிறது. ஸ்திரீயின் கர்ப்பப்பையை எந்தப் பேரேட்டிலும் வரவு வைக்க அது இடங்கொடுக்கவில்லை.

இனிக் குறையைச் சொல்கிறேன். அவ்வத்தியாயம் ‘ஏன்’ என்பதற்கு விடை. ‘எப்படி’ என்பதற்கு அதில் விடை இல்லை. இதனால் சுயமரியாதை இயக்கத்தார் அவ்விஷயத்தை மறைத்தார்கள் என்று சொன்னால் அநியாயமாகும். ஈரோட்டுக் குடி அரசுப் பதிப்பகத்தார் 1936இல் ‘கர்ப்ப ஆட்சி’ என்னும் தனி நூலையே வெளியிட்டார்கள். ஒரு துண்டுப் பிரசுரத்துக்காக மனிதர் சிறைக்கு நெருங்கிய விஷயம் இது. 1877இல் லண்டனில் அன்னி பெசன்ட் அம்மையாரும் பிராட்லாவும் கர்ப்பத்தடை முறைகளை விளக்கும் ஒரு சிறு நூலை மறுபதிப்புச் செய்ததற்காக வழக்குக்கு உள்ளானார்கள். அந்த அம்மையாரே பின்னர்ப் பிரம்மஞான சங்கத்தில் சேர்ந்து, 1891இல் இவ்விஷயம் பற்றிய தமது சொந்த நூலை விற்பனையிலிருந்து நிறுத்திக்கொண்டார் என்பது நம் அடையாற்று அன்பர்கள் அதிகம் பேசாத செய்தி. ஆகவே 1930களில் ஈரோட்டில் அச்சிட்டவர்களின் தைரியத்தைக் குறைத்து மதிப்பிட நான் யார்? என் குறை வேறு. இன்று கடைகளில் எளிதிற் கிடைப்பதும், திருமணங்களில் பரிசாகக் கொடுக்கப்படுவதும், மேடைகளில் எடுத்தாளப்படுவதும் ‘ஏன்’ என்ற நூலே. ‘எப்படி’ என்ற பகுதியை மருந்துக்கடைக்காரரிடமும் அரசாங்கத்தாரிடமும் விட்டுவிட்டு நம் எழுத்தாளர்கள் கையைக் கழுவிக்கொண்டார்கள். கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதத் தமிழில் நூறு பேர் உண்டு. எத்தனைக்கு எத்தனை அது தவறும் என்று தமிழில் எழுதியவர் எத்தனை பேர்?

தமிழுக்கு இவ்விதக் கணக்குப் புதிதென்று யாரும் சொல்லக்கூடாது. தொல்காப்பியத்துக் கற்பியலில், பரத்தையிற் பிரிந்த தலைவனாயினும் தலைவியின் பூப்புக்குப்பின் பன்னிரண்டு நாள் அவளைப் பிரிந்து உறைதலாகாது என்று ஒரு விதி இருக்கிறது. அது கருத்தரிக்கும் காலமாதலால் அவ்வாறு விதித்தார் என்பது உரையாசிரியர்கள் கருத்து. இலக்கண நூலொன்று இதையும் நாள் எண்ணிச் சொன்னதை எண்ணி நாம் பெருமைப்படலாம். அதிலும் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வைத்தியர் பலர், மாதத்தின் நடுநாட்களே அபாயமற்றவை என்று உண்மைக்கு நேர்மாறாக எழுதிக்கொண்டிருந்ததை நினைத்தால் நம் உரையாசிரியர்கள் எவ்வளவோ தேவலாம். ஆனால் அந்த எண்ணிக்கை யாருக்காக? குலம் தழைப்பதற்காக. பெறுவதற்கு நாள் குறித்த இலக்கியம் பெறாதிருப்பதற்கு நாள் குறிக்கவில்லை. தலைவி அப்பன்னிரண்டு நாளில் என்ன நினைத்தாள் என்று கேட்ட உரையாசிரியரும் இல்லை.

விஞ்ஞானம் சொல்வது இது. கருமுட்டை வெளிப்படுவது அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாளைக்கு முன். முட்டை உயிரோடிருப்பது ஒரு நாளே. விந்தணுவோ ஸ்திரீயின் உடலில் 5 நாள்வரை உயிரோடு காத்திருக்கும். ஆகவே மாதத்தில் ஏறக்குறைய 6 நாட்கள் அபாய நாட்கள். அவற்றுள்ளும் முட்டை வெளிப்படுவதை ஒட்டிய ஓரிரு நாட்களில், ஒரே ஒரு சேர்க்கையாலேயே கர்ப்பந்தங்குதல் நாலில் ஒன்று, மூன்றில் ஒன்று என்னும் அளவுக்கும் போகும். அந்த 6 நாள் எந்த 6 நாள் என்பது முன்கூட்டி யாருக்கும் நிச்சயமில்லை. மாதவிடாய் முன்பின்னாகும் பெண்ணுக்குச் சிறிதும் நிச்சயமில்லை. ‘ஒரு தடவைதானே’ என்று நம் ஜனங்கள் சொல்லுகிறார்களே, அவ்வார்த்தைக்கு உடலின் கணக்கில் அர்த்தமே கிடையாது.

இதை நான் புஸ்தகத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லவேண்டியவனாயிருக்கிறேன். நான் தென் கெடாவில் ஒரு தோட்டத்துக் கிராணி. ஆங்கிலத்தின் மூலமே படித்தவன். பால்மரமும் செம்பனையும் கலந்த தோட்டம். பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவதும், பால் நிறுத்து உலர்ந்த ரப்பரின் வீதம் கணக்கெழுதுவதும், தொழிலாளிகளின் சம்பளத்தோடு பிரசவப்படி மனுக்களை நிரப்புவதும் என் வேலை. எங்கள் இரண்டாவது குழந்தை ஆபரேஷன் செய்து பிறந்தது. இரண்டு வருஷமாவது பொறுங்கள் என்று டாக்டர் சொன்னார். நானும் பொறுப்புள்ள புருஷனாக ஆணுறை வாங்கினேன். வாங்கியதை யாரும் பார்க்கக்கூடாதென்று பணப்பையில் வைத்தேன். அப்பணப்பை என் கால்சட்டைப் பின்பையில், வெயிலில், மாதக்கணக்காய்க் கிடந்தது. பிறகு ஓர் இரவு, உபயோகிக்கும்போது, தேங்காயெண்ணெயும் தடவினேன். அது கிழிந்தது. கிழிந்ததை நான் அறிந்தேன், அவளும் அறிந்தாள். ‘ஒரு தடவைதானே’ என்று சொன்னவன் நான்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ மருந்துக்கடைக்குப் போயிருந்தால் வழி இருந்தது. அப்படியொரு வழி உண்டென்பது எனக்குத் தெரியாது. என் மனைவிக்கு ஆசிரியைப் பயிற்சிக்கு அழைப்பு வந்து, அவள் புறப்படத் துணிமணி தைத்துக்கொண்டிருந்த மாதம் அது. அவள் போகவில்லை. பிறந்த குழந்தைக்கு இப்போது வயது மூன்று. இதை எழுதும் மேஜைக்கடியில் உட்கார்ந்து என் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் எங்களுக்கு அன்பில்லையென்று எவரும் எண்ணவேண்டாம். ஆனால் அன்பு வேறு, அந்தப் பயிற்சிச்சாலைக் கடிதம் வேறு. அக்கடிதத்தை என் மனைவி இன்னும் வைத்திருக்கிறாள்.

ஆணுறையின் பெட்டிக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்திலும் மலாயிலும் அச்சிட்ட தாள். நான் இரண்டும் வாசிக்கத் தெரிந்தவன். வாசிக்கவில்லை. வாசிக்கத் தெரியாத பால்வெட்டுக்காரர் எத்தனை பேருடைய மனுக்களை நான் நிரப்பியிருக்கிறேன் என்பதை நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. அத்தாளில் உள்ளதை இங்கே தமிழில் சொல்லிவிடுகிறேன். இலக்கியப் பத்திரத்தில் இதற்கென்ன இடம் என்று கேட்பவர்கள் தொல்காப்பியரைக் கேட்டுக்கொள்ளட்டும். உறையின்மேல் போட்டிருக்கும் கெடுநாளைப் பார்க்கவேண்டும். வெயிலிலும் பணப்பையிலும் வைக்கலாகாது. பல்லாலும் கத்திரியாலும் கிழித்துத் திறக்கலாகாது. உடல்கள் நெருங்குமுன்னரே, நுனியைக் கிள்ளிக் காற்றை நீக்கி, அடிவரை உருட்டி அணியவேண்டும். பாதியில் அணிவது அணியாததற்குச் சமீபம். காரியம் முடிந்த உடனே அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு விலகவேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அணிந்தால் இரட்டைக் காவல் என்பது மயக்கம். ஒன்றையொன்று உரசிக் கிழிக்கும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், வாசலின் ஆகிய எவ்வெண்ணெயும் சில நிமிஷங்களிலேயே ரப்பரை வலுவிழக்கச் செய்யும். வழவழப்பு வேண்டுமானால் அதற்கென்று நீரிற் கரையும் பசை விற்கிறார்கள். அப்படியும் கிழிந்தால், மருந்தாளுநரிடம் கேட்டு, வைத்தியர் சீட்டில்லாமலே, அவசர மாத்திரை வாங்கலாம். 3 நாளுக்குள் உட்கொள்ளவேண்டும். முதல் நாளே உத்தமம். அது கருமுட்டை வெளிப்படுதலைத் தாமதிக்கச் செய்வது. தங்கிவிட்ட கர்ப்பத்தைக் கலைப்பதன்று. 5 நாள்வரை பலிக்கும் வேறு மாத்திரையும், டாக்டர் உள்ளே வைக்கும் செப்புச் சாதனமும் உண்டு. மூன்று வாரம் கழித்துச் சோதித்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கணக்கே என் ஜீவனம். எவ்விதத் தடையுமில்லாமல் சேரும் இளவயதுத் தம்பதிகள் நூறு பேரை எடுத்துக்கொண்டால், ஒரு வருஷத்துக்குள் 85 பெண்கள் கர்ப்பமாவார்கள். கடைசி நேரத்தில் புருஷன் விலகிக்கொள்ளும் பழைய முறையை நம்புவோரில் 20 பேர். ஆணுறையைச் சாதாரண மனிதர் உபயோகிக்கிறபடி உபயோகித்தால் 13 பேர். அதே ஆணுறையை ஒவ்வொரு தடவையும் பிழையில்லாமல் உபயோகித்தால் 2 பேர். மாத்திரை, ஊசி, கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சி ஆகியவற்றுக்கும் இப்படியே கணக்கு உண்டு. அக்குச்சியைச் சாதாரண மனிதர் உபயோகித்தாலும் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

இந்த 13க்கும் 2க்கும் நடுவிலுள்ள 11 பெண்களைப் பற்றி யோசித்துப் பாருங்கள். அவர்களுடைய கர்ப்பத்துக்கு ரப்பரின் குற்றம் காரணமன்று. மறதி, அவசரம், கூச்சம், ‘இன்றைக்கு வேண்டாம்’, பணப்பை, தேங்காயெண்ணெய்: இவையே காரணம். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. நூற்றுக்கு 13 என்றால் 87 பேர் தப்பினார்களே, போதாதா என்று தோன்றும். அது ஒரு வருஷத்துக் கணக்கு. ஒவ்வொரு வருஷமும் அதே வீதம் நீடிப்பதாக வைத்துக்கொண்டால், 5 வருஷத்தில் நூற்றில் ஏறக்குறைய 50 பேர் வேண்டாத கர்ப்பம் அடைந்திருப்பார்கள். பிழையின்றி உபயோகித்தவர்களிலோ ஏறக்குறைய 10 பேர். கல்யாணமான பெண் ஐந்து வருஷமல்ல, இருபது இருபத்தைந்து வருஷம் இந்தக் கணக்குக்குள்ளேதான் குடித்தனம் செய்கிறாள். ‘உறை போட்டால் ஒன்றுமில்லை’ என்பவர்களும், ‘உறையாவது ஒன்றாவது, வருவது வந்தே தீரும்’ என்பவர்களும் எங்கள் தோட்டத்தில் இரு கட்சியாக இருக்கிறார்கள். இரண்டும் ஒரே அறியாமையின் இரண்டு முகங்கள். முன்னவர் 13ஐப் பூஜ்யமாக்குகிறார். பின்னவர் அதை 85ஆக்குகிறார்.

இவ்வளவும் தெரிந்தபின், ஓர் இரவு என் மனைவிக்கு அவ்வத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் சொன்னாள்: “விடுதலைன்னு எழுதியிருக்கு, சரி. அது ஏங்க உங்க பையில இருக்கு?”

பென்சிலால் ‘எப்படி?’ என்று எழுதிய கைக்கும் தோன்றாத கேள்வி இது. எனக்கும் தோன்றவில்லை. பெரியார் சொன்ன அளவுகோலை, அதாவது தீர்மானம் பெண்ணின் கையில் இருக்கிறதா என்பதை, அவரே ஆதரித்த சாதனத்தின்மேல் வைத்துப் பார்த்தால் என்ன ஆகிறது? ஆணுறையை வாங்குபவன் ஆண், வைத்திருப்பவன் ஆண், அணிபவன் ஆண், ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்லுகிறவனும் பெரும்பாலும் அவனே. தவறினால் வயிறு அவளுடையது. லாபத்தில் பங்கு இருவருக்கும், நஷ்டம் முழுவதும் ஒருவர் பேரில் என்று எந்த வியாபாரத்திலாவது பத்திரம் எழுதியிருந்தால் நான் கையெழுத்துப் போட மறுத்திருப்பேன். அப்படியானால் ஆணுறை பெண் விடுதலைக்கு உதவாததா என்றால், அப்படியும் முடிவு கட்ட என் மனம் ஒப்பவில்லை. உடலில் எதையும் புகுத்தாதது, விலை குறைந்தது, டாக்டரின் தயவு வேண்டாதது, கர்ப்பத்தோடு மேகநோய்களையும் எய்ட்ஸையும் சேர்த்துத் தடுப்பது என்று பார்த்தால் அதற்கு நிகர் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண் தன் பங்குக்குச் சிறிதாவது சிரமப்படும் முறைகளுள் அது ஒன்று. அச்சிரமத்தையும் ஆண்கள் எவ்வளவு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்? இந்தியாவில் 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 37.9 பேர் தாங்கள் ஆபரேஷன் செய்துகொண்டு பிள்ளைப்பேற்றை நிறுத்தியவர்கள். ஆணுறையை நம்பியவர்கள் 9.5. புருஷன் ஆபரேஷன் செய்துகொண்ட வீடுகள் 0.3. 1968 முதல் இந்திய அரசாங்கம் ‘நிரோத்’ என்று பேரிட்டு, மூன்று உறை 15 பைசாவுக்குப் பெட்டிக்கடைதோறும் விற்கத் தொடங்கி அரை நூற்றாண்டு ஆனபின் உள்ள நிலைமை இது. கத்தி யார் வயிற்றின்மேல் விழுகிறதென்று பாருங்கள்.

ஆகவே அவ்வத்தியாயத்தின் குறை, அது முறையைச் சொல்லாமல் விட்டது மாத்திரமன்று என்று இப்போது எண்ணுகிறேன். கர்ப்பத்தடை என்பதை முழுமையானதொரு சாதனம்போல், கைக்கொண்டால் கர்ப்பமில்லை, கைக்கொள்ளாவிட்டால் கர்ப்பம் என்பதுபோல் அது பேசுகிறது. இடையில் ஒரு விகிதம் இருக்கிறது. அவ்விகிதம் நடத்தையைப் பொறுத்தது. நடத்தை, வீட்டில் யார் வார்த்தை எடுபடுகிறது என்பதைப் பொறுத்தது. புருஷனிடம் ‘அணிந்துகொள்’ என்று சொல்லத் தைரியமில்லாத பெண்ணுக்கு நூற்றுக்கு 2 என்னும் கணக்கு எட்டாக்கனி. விடுதலைக்குக் கர்ப்பத்தடை வேண்டும் என்றார் பெரியார். கர்ப்பத்தடைக்கே முன்பணமாகச் சிறிது விடுதலை வேண்டியிருக்கிறது என்பதை அவர் அங்கே சொல்லவில்லை. அடுத்த அத்தியாயத்தில், ஆண்மை என்னும் எண்ணமே அழிந்தாலன்றிப் பெண்ணுக்கு விடுதலையில்லை என்று அவர் சீறி எழுதுவதை இதனோடு சேர்த்துப் படித்தால், அவ்விடையின் நிழல் தெரிகிறது. இரண்டு அத்தியாயங்களையும் தனித்தனியே படிப்பதுதான் நாம் செய்யும் தவறோ என்னவோ.

தோட்டத்து ஜனங்களுக்கு இந்த விஷயத்தில் இன்னொரு பாத்தியதையும் உண்டு. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது அவரைக் காணத் திரண்டவர்களிற் பலர் பால்மரக்காட்டிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வெட்டிய பால் எங்கே போயிற்று? கார் சக்கரத்துக்கு என்றுதான் நினைத்திருப்பார்கள். 1920களிலேயே அமெரிக்காவிலும், 1930களில் லண்டனிலும் திரவப்பாலில் தோய்த்து ஆணுறை செய்யத் தொடங்கிவிட்டார்கள். இன்று உலகத்தில் மிக அதிகமாக ஆணுறை செய்யும் கம்பெனி நம் மலேசியாவிலேயே, 1988இல் தொடங்கிய காரெக்ஸ் என்பது. 2020 மார்ச்சில் தொற்றுநோய்க்காக நாடு அடைக்கப்பட்டு அதன் தொழிற்சாலைகள் சில நாள் நின்றபோது, உலகத்துக்கே ஆணுறைப் பஞ்சம் வருமென்று பத்திரிகைகள் அலறின. மங்கிலிருந்து வாளிக்கு வரும் பாலில் அம்மோனியா கலந்து உறையாமற் காத்து, சுழல் இயந்திரத்தில் நீரைப் பிரித்து, நூற்றுக்கு 60 பங்கு ரப்பருள்ள கெட்டிப்பாலாக்கி, அதில் கண்ணாடி அச்சுகளைத் தோய்த்தெடுத்து, ஒவ்வோர் உறையையும் மின்சாரத்தால் சோதித்து, நுண்துளையுள்ளதைக் கழிக்கிறார்கள். அவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்து அனுப்பியதை நான் பின்பையில் வைத்து வெயிலில் காய்ச்சினேன். விடியற்காலையில் நிரை நிரையாய் நடந்து பால் வெட்டிய பெண்கள், தங்கள் கத்தியின் கீழ் வழிந்த பால் தங்களுக்கே ஒரு காவலாகக்கூடும் என்பதை அறியாமலே எட்டும் பத்தும் பெற்றார்கள். என் பாட்டி ஒன்பது பெற்றாள்; ஐந்து தங்கின.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு சென்ற மாதம் மறுபடியும் சூலியா தெருவுக்குப் போனேன், இம்முறை மனைவியோடு. ஒரு கடையில், சூயிங்கம் வரிசைக்குப் பக்கத்திலேயே ஆணுறைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. வெள்ளைக்கார இளைஞனொருவன் தண்ணீர்ப் போத்தலோடு ஒன்றை எடுத்து வைத்துப் பணம் கொடுத்துப் போனான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் நின்ற நம்மவர் ஒருவர், எடுக்கக் கையை நீட்டி, என் மனைவியைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டு மிட்டாய் வாங்கிச் சென்றார். அந்த மிட்டாய் அவர் வீட்டில் எத்தனை விலைக்கு விற்குமோ! நான் எடுக்கப்போனேன். “இருங்க” என்று சொல்லி, என் மனைவியே எடுத்து, கெடுநாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விலையைக் கொடுத்து, தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கல்லாவிலிருந்த பெண் மாத்திரம் சற்றே சிரித்தாள். எதற்கென்று தெரியவில்லை.

‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலை ஓயாமல் மறுபதிப்புச் செய்யும் பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூலத்தில் ஒரு எழுத்தையும் மாற்றவேண்டாம். ‘கர்ப்பத்தடை’ அத்தியாயத்தின் முடிவில் இரண்டு பக்கத்தில் ஓர் அனுபந்தம் சேருங்கள்: 85, 20, 13, 2 என்னும் நாலு எண்கள், கிழிந்தால் 3 நாள், 5 நாள் என்னும் தவணை, எண்ணெய் கூடாதென்னும் எச்சரிக்கை. அதைத் தோட்டத்துப் பெண்களுக்குப் புரியும் தமிழில் எழுத ஆள் வேண்டுமானால், என் மனைவி எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். பென்சில் குறிப்புள்ள அந்தப் பிரதி இப்போது அவளிடந்தான் இருக்கிறது.